நான்குமால்

நாங்குநேரி சார்பதிவாளர் ஆபீசில்
டோக்கன் பதினேழோடு சர்வர் படுத்துக்கொண்ட நாள்.
தகரக் கொட்டகைக்குள் அறுபது பேர்.
யாரோ விரித்த பேப்பரில்
ஒரு நாடு, தான் இருந்த ஒன்றியத்தை விட்டு
ஒப்பந்தமே இல்லாமல் இறங்கப் போகிறது.

இறங்கட்டுமேவே, என்றார் பலவேசம்.
மடியில் வில்லங்கச் சான்று, அதன்மேல் தலைப்பாகைத் துண்டு.
"இருபத்தேழு பேரோட ஒரே சட்டியில
எத்தன நாளைக்குத் திங்க?
நடையைக் கட்டணும்.
சீட்டென்ன, கையெழுத்தென்ன."

ஏர்வாடி வாழைக்காய்க் கமிஷன் காதர் முகைதீன் சிரித்தார்.
"கட்டலாம் அண்ணாச்சி.
விடிஞ்சா அதே பாதையிலதான லாரி வரணும்?
துறைமுகத்துல ரெண்டு நாள் நின்னா
காய் பழமாகும்.
பழம் என்னாகும்னு எங்கிட்டக் கேளுங்க."

அந்தோணி புஷ்பம் டீச்சருக்கு மகள் லீட்ஸில் நர்ஸ்.
"சர்க்கரைக்காரங்க மருந்து வாங்கிச் சேக்காங்களாம்.
இவ வார்டுல பாதிப்பேரு போலந்து, போர்ச்சுகல்.
அவங்க போயிருவாங்களாம், நான் இருப்பேம்மாங்கா.
சந்தோசமாச் சொல்லல."

சட்டக் கல்லூரி வானமாமலை எழுந்து நின்றே பேசினான்:
"ஓட்டுப் போட்டாச்சு.
அம்பத்திரண்டு சொன்னா நாப்பத்தெட்டு கேக்கணும்."
"போகன்னுதான ஓட்டு?
எப்படிப் போகன்னு சீட்டுல எங்கவே இருந்திச்சு?"
"அப்ப திரும்ப எண்ணுவீரோ?"
"உம்ம தாத்தா சொத்தா அது?"
"உம்ம தாத்தா சொத்தா?"
பியூன் எழுந்து வந்து
சன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

அப்புறம் என்னைக் கேட்டார்கள்.
முப்பத்தொரு வருஷமாகப் பாகப்பிரிவினை எழுதுகிறவன்,
எனக்குத் தெரிந்திருக்குமாம்.

அந்த நாட்டை எனக்குத் தெரியாது.
நிலம் வெட்டுப்படும், வீடு வெட்டுப்படும்,
அண்டா கூட எடை போட்டால் பிரியும்.
கிணறு மட்டும் வெட்டுப்படாது.
அதற்குத்தான் என் பிழைப்பு:
'மேற்படி கிணற்றில் பாதிப் பாத்தியதையும்
செவ்வாய் வெள்ளி இரவு முறையும்
வண்டி மாடு போகவர எட்டடிப் பாதையும்...'
அங்கேயும் பக்கத்துத் தீவில் ஒரு வரப்பு இருக்கிறதாம்.
துப்பாக்கி நின்ற வரப்பு.
இப்போது பால்வண்டி தாண்டுகிறது,
யாரும் ஏனென்று கேட்பதில்லை.
அதற்கு மால் எழுதத் தெரியாமல்தான்
மூன்று வாய்தா வாங்கியிருக்கிறார்கள்.

"வாய்தாவா, அப்ப நம்ம கேஸ்தான்" என்றது ஒரு குரல்.
கொட்டகை சிரித்து முடிப்பதற்குள்
சர்வர் வந்துவிட்டது.

பதினெட்டு, பலவேசம்.
கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து
உச்சிமாகாளியும் எழுந்தார்.
காலையிலிருந்து வாய் திறக்காதவர்.
கூடப் பிறந்தவர்.
ஒன்பது வருஷம் பேச்சில்லை.

நடையைக் கட்டச் சொன்னவர்
என் காதருகே வந்தார்.
"மோட்டார் ரூம் சாவி ரெண்டுன்னு போட்டீரா?"
போட்டேன்.
"அந்த எலுமிச்சை, என் பக்கம் சாஞ்ச கொப்பு?"
போட்டேன், காலையில் இது மூன்றாவது தடவை.
கொஞ்சம் நின்றார்.
"சுடலை கொடைக்கு வரி...
இனிமே ஒத்த வரியா, ரெண்டு வரியா?"

அதற்குப் பத்திரத்தில் இடமில்லை.
வடமால் அண்ணன் பாகம்,
தென்மால் ஓடை,
கீழ்மால் பாதை,
மேல்மால் வேற்று ஆள் பட்டா.
கொடைக்கு மால் கிடையாது.

"ஒத்த வரின்னு எழுதச் சொல்லும்வே,"
என்றார் உச்சிமாகாளி,
என்னைப் பார்த்து.

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
கோர்ட்டில் நிற்காது.

பெருவிரல் மை துடைக்க
அந்தப் பேப்பரைத்தான் கிழித்தார்கள்,
ஆளுக்குப் பாதி.
வரப்பு யார் பாதியில் போனதென்று
நான் பார்க்கவில்லை.
பத்தொன்பதைக் கூப்பிட்டுவிட்டார்கள்.